பரிசாக வந்த படம்

எசன், ஜேர்மனி, 3.10.1987
இந்த வயதில் நாட்குறிப்பு எழுத வந்திருக்கிறேன்! ஒரு வரி முடிய ஒரு தேத்தண்ணி ஆறிப்போகிறது. போகட்டும்.

முதலில் வீட்டுக்காரனை எழுதவேண்டும். குளிரிலும் ஹீட்டரை நிற்பாட்டுகிற கஞ்சன், இன்று பெரிய படமொன்றை என் அறையில் மாட்டினான். நீலச் சால்வை போட்ட பெண். "பரிசு, ஓப்பா. இனி உங்களுடையது" என்றான். ஓப்பா என்றால் இவர்கள் மொழியில் தாத்தா. "ஒருவருக்கும் காட்டவேண்டாம்" என்றும் சொன்னான்.

பரிசை ஏன் ஒளிக்கவேண்டும்?

4.10
மருமகள் சிவமலர் படத்தைப் பார்த்தாள். "ஆரோ செத்த மனுசி போலை கிடக்கு மாமா. பூ வைக்காமல் விடக்கூடாது." வைத்தோம்.

18.10
வீட்டுக்காரன் பெண்சாதி சிவமலரிடம் உளறிவிட்டாள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன்காரர் ஒல்லாந்தைப் பிடித்தபோது, அவனுடைய தகப்பன் ஒரு யூதர் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த படமாம். அந்த வீட்டு மகள் பல வருடமாய்த் தேடி, இப்போது இந்த விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டாவாம். சனிக்கிழமை வருகிறா.

அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் வந்து எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். இவன்ரை தேப்பன் ஒல்லாந்துக்குப் போய் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்திருக்கிறான். பெரிய வீரன்!

மகன் சொன்னான்: "ஐயா, வாய் திறவாதேங்கோ. இவன் கலைச்சால் எங்களுக்கு ஆர் வீடு தருவினம்?"

ஓம். அதுவும் உண்மைதான்.

24.10
வந்தா. தலை முழுக்க நரை. நான் மேற்படியில் நின்று பார்த்தேன். வீட்டுக்காரன் அவவுக்குக் கோப்பி கொடுத்து, "அப்படி ஒரு படம் இங்கே இல்லை" என்றான். வெட்கங்கெட்டவன் — கேக்கும் வெட்டிக் கொடுத்தான்! "அம்மாவை நாசிகள் கொண்டுபோனாங்கள், அவ திரும்பி வரேல்லை. அவவின்ரை முகம் அந்தப் படத்திலை மட்டும்தான் இருக்கு" என்று அவ அழுதா.

எனக்கு ஏலாமல் போச்சு. படி இறங்கிப் போய், தெரிஞ்ச டொச்சு மொழியிலை சொன்னன்: "வாங்கோ. அம்மா மேலை இருக்கிறா."

பூவைக் கண்டதும் அவ கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"அது என்ரை படம்!" எண்டு பின்னாலை ஓடிவந்து கத்தினான் வீட்டுக்காரன்.

"உன்ரையோ? எனக்கெல்லோ தந்தனீ. இப்ப என்ரை. நான் அவவுக்குக் குடுக்கிறன்."

கழற்றிக் குடுத்தன். மகன் தலையிலை கை வைச்சான்.

25.10
வீட்டை விடச் சொல்லிவிட்டான்.

ஹம், 9.1.1988
மூன்று பேருக்கும் ஒரே அறை. சிவமலர் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இன்று எசனிலிருந்து தெரிந்த தமிழர் ஒருவர் வந்தார். தமிழர் தன் படத்தைத் திருடிவிட்டார்கள் என்று பழைய வீட்டுக்காரன் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறானாம்.

"ஏன் பொலிசுக்குப் போகேல்லையாம்?" என்று கேட்டேன்.

"எப்பிடிப் போவான் மாமா? உனக்கு எங்கையிருந்து வந்தது எண்டு கேட்பாங்களே!" என்றாள் சிவமலர். சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீடு மாறிய பிறகு அவள் என்னோடு பேசியது இன்றுதான்.