புறா குடியிருக்கும் ஏசி

அபின் அண்ணாவுக்கு, கீழ் வீட்டு அனிஷா எழுதுவது. நோயல் பெரியப்பாவுக்குக் கை நடுங்குவதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன். அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், யாரையாவது திட்டினால் மட்டும் அப்படியே எழுத வேண்டுமாம்.

அன்பு மகன் அபினுக்கு, மஸ்கட்டில் நீ சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன், இங்கே நான் சுகம், உன் அம்மாவும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற நாள் குறித்திருந்தார்கள் அல்லவா, அரசுக் காப்பீட்டு அட்டையில். இப்போது அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் தகுதி இருக்கிறதா என்று மறுஆய்வாம், அதற்கு நம் தெருவுக்கு ஒரு ஆபீசர் துரை வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை, மாடிச் சுவரைக் கீழிருந்தே படம் பிடித்துக்கொண்டு போனார், அட்டை ரத்து. காரணம், வீட்டில் ஏசி இருக்கிறதாம். எது ஏசி தெரியுமா, பழைய இரும்புக் கடையில் வாங்கி நான் சுவரில் மாட்டினேனே, மோட்டார் இல்லாத அந்த வெறும் பெட்டி, நம் கரணமடிக்கும் கர்ணப் புறா ஜோடி குடியிருப்பது. இப்போது அதில் முட்டை வேறு.

காப்பீட்டு ஆபீசுக்குப் போனேன். "யோவ் பெருசு, போட்டோல ஏசி கீது, நீ புறான்ற" என்று மேசைக்காரன் சிரித்தான். "மாடி ஏறி ஒருவாட்டி பாரு நைனா, காலு தேஞ்சிடாது. ஏசி காத்து வாங்குறவன் உன் ஓட்டை ஃபேனாண்ட இன்னாத்துக்கு வேர்த்துகினு நிக்கப் போறான்?" என்றேன். பெட்டியைக் கழற்றிப் புதுப் படம் கொண்டுவா என்றான். முட்டை இருக்கிறது என்றதற்கு, "ஆம்லெட் போட்டுக்கோ" என்றான் பக்கத்து மேசைக்காரன். உன் அம்மாவின் உயிர் அந்தக் கலீஜுங்களுக்கு ஆம்லெட்டு!

எனக்குப் புறாவைவிட அவள் பெரிது, ஸ்பேனரோடு ஏணியில் ஏறிவிட்டேன். அவளே மூச்சு வாங்க வந்து, "அவனுங்க பொய்யி எழுதனா நீ கூட்டைக் கலைப்பியா? எறங்குய்யா" என்று கத்தினாள். மறுபடி போய், பெட்டியைக் கழற்ற முடியாது என்றேன். அப்படியானால் அடுத்த கரண்ட் பில்லில் யூனிட் குறைவாக வரட்டும், ஏசி இல்லை என்று நம்புகிறோம் என்றார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிற ஊரில் ஜன்னலைத் திறக்க முடியாது, ஃபேன் இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும், அது இந்தப் பேமானிங்களுக்கு எங்கே புரியப்போகிறது. அவள் ஃபேனை நிறுத்த மாட்டேன். ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டு. அம்மாவிடம் பேசினால் அட்டையைக் கேட்காதே, முட்டை பொரிந்ததா என்று கேள், சிரிப்பாள். கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
நோயல்

அண்ணா, கடிதத்தை ஒருமுறை திருப்பிப் படித்துச் சரிபார்க்க நினைத்தேன். முடியவில்லை. பெரியம்மா அறையில் ஃபேன் மட்டும் ஓடுகிறது, யூனிட் குறைய விளக்குகளையும் பெரியப்பா அணைத்துவிட்டார்.