ஏழு போத்தல் ஜாம்

திருகோணமலை
12.01.1973

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்கொட்லாந்திலிருந்து நீங்கள் அனுப்பிய பரிசுக் கூடையைத் துறைமுகத்தில் போய் எடுத்துவந்தேன். ஓட்ஸ் பிஸ்கட், தேன், ஏழு போத்தல் ஜாம். ஒன்றும் உடையவில்லை.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் அயலுக்குக் கொடுக்காமல் நாங்கள் தொடுவதில்லையே. அன்றைக்கே ஏழு போத்தலையும் ஏழு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதே.

மறுநாள் கிளாக்கர் வீட்டுக் கமலாதேவி படலையடியில் நின்று கேட்டாள்: “அக்கா, ஜாம் செய்த ஆளின்ர பேரைப் போத்தலில போட்டிருக்கு. திருமதி சோமசேகரம் எண்டு. நீங்கள் இஞ்சையெல்லோ இருக்கிறியள்?”

கலியாணம் முடித்த பதினான்கு வருடமாக உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அவள் தெருவில் நின்று சொல்கிறாள்.

எழுத மனமில்லாமல் இப்படித் தெரிவித்தீர்களோ, கவனிக்காமல் வைத்தீர்களோ, நான் கேட்கப்போவதில்லை.

கொடுத்ததைத் திருப்பி வாங்க ஏலாது. ஜாம் முடிந்தாலும் இங்கே ஒருவரும் போத்தலை எறியமாட்டார்கள். கழுவி, உப்போ மிளகாய்த்தூளோ போட்டு வைப்பார்கள். இனி நான் எந்த வீட்டுக் குசினிக்குள் போனாலும் போத்தலில் ஒட்டிய பேரோடு அவள் அங்கே இருப்பாள்.

பிள்ளைகள் சுகம். ஜாம் நல்ல ருசியாம்.

இப்படிக்கு,
இங்கேயுள்ள திருமதி