குளிர் அறைத் தாழ்ப்பாள்

ஜூன் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நீங்கள் சமைத்தால் சந்தேகம்தான்.

மீன் கம்பெனியில் எனக்குக் குளிர் அறை வேலை. கதவு தானாக மூடி நிற்காது. ஒருத்தர் பெட்டி எடுக்க உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே தாழ்ப்பாள் போடுவார். உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டதாம். தட்டினால் திறப்பார்கள். கதவிடுக்கில் ஒரு கட்டையை வைத்தேன். மேஸ்திரி அதைக் காலால் தள்ளிவிட்டு, "எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார். எல்லோரும் ஒரே சிரிப்பு. இப்போது என் பெயரே 'கட்டை'. சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அழுகையாக வருகிறது.

உங்கள் வாயாடி

ஜூன் 10

என் வாயாடிக்கு,

என் சமையல் மகளுக்குப் பழகிவிட்டது, பாவம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ கட்டையை வை. வேலை போனால் போகிறது, இங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 2

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

கட்டையை விட்டுவிட்டேன். தட்டியதும் திறக்காமல் கொஞ்ச நேரம் தவிக்கவிடுவது இங்கே ஒரு விளையாட்டு. என்னையும் தவிக்கவிட்டார்கள். உள்ளே அழுதேன், வெளியே வந்து சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் 'அக்கா'. சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். தங்கமான மனிதர்கள், வீணாகச் சந்தேகப்பட்டோம்.

உங்கள் வாயாடி

ஆகஸ்ட் 5

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே ஒரே களேபரம். போன வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். கதவருகே தயங்கி நின்றாள். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று நானே கேட்டேன். மேஸ்திரி கைதட்டினார். தாழ்ப்பாளையும் நான்தான் போட்டேன்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லையாம். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது என்று விசாரணையில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். "இனிமே நீ நம்ம ஆளு" என்றார் மேஸ்திரி.

மகளுக்குச் செருப்பு வாங்க வேண்டும். கால் அளவு எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

ஆகஸ்ட் 11

செருப்பு கிடக்கட்டும். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றை மட்டும் நீ எழுதவே இல்லை. அந்தப் பெண் கதவைத் தட்டினாளா? உனக்குக் கேட்டதா?

ஆகஸ்ட் 18

கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது, குடிக்கப் போனோம்.