மாமா இல்லாத பகல்கள்

என் பிரியமான மாமாவுக்கு,

மழைக்காலத்தில் போனீர்கள். இப்போது உப்பளத்தில் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். ரோட்டோரம் குவியல் குவியலாக எழும்பி நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் கேட்டில் நின்று, போகிற லாரியைப் பார்த்தே யாருடைய லோடு என்று சொல்லியிருப்பீர்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். திறந்தால் உப்புக்காற்று கீபோர்டில் இறங்கிவிடுகிறது.

உங்கள் மகள் செல்வி காலை பஸ்ஸுக்குப் போனால் திரும்புவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடுகிறது. நடுவில் இருக்கிற பகல் முழுவதும் எனக்குத்தான்.

போன மாதம் ஒருநாள், நான் இப்போது எழுதி அனுப்புகிற சென்னைப் பத்திரிகையின் ஆபீஸ்காரர் போன் செய்தார். நான் ஹலோ சொன்னதும், "ஸாரி சார், தூங்கிட்டு இருந்தீங்களா?" என்றார். தூங்கவில்லை மாமா. காலையில் செல்வியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு, நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையே அந்த ஹலோதான். தொண்டை அடைத்துக் கிடந்தது. ஜலதோஷம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் வேலை பார்த்த பத்திரிகை மூடிய அதே சமயத்தில் செல்விக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பெருமுக்கலில் டீச்சர் வேலை கிடைத்தது. அத்தை போனபின் நீங்களும் தனியாகத்தான் இருந்தீர்கள். எல்லாம் பொருத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் பட்டணத்து மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக் கட்டிக்கொடுத்தவர் நீங்கள். கேட்டவர்களிடம் "லீவுல வந்திருக்காரு" என்றீர்கள். மாதங்கள் போயின, லீவு முடியவில்லை. அப்புறம் யாராவது தெரிந்தவர்கள் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள்.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நான் ஏதோ ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் விளக்கப் புத்தகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பேன். வெளியே நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள், பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

பக்கத்து வீட்டு சம்பத் வந்த அன்றுதான் அது மாறியது. "மேஸ்திரி, மாப்ள சும்மாதானே இருக்காரு? பீரோ ஒண்ணு எறக்கணும், ஒரு கை புடிக்கச் சொல்லுங்க" என்றான்.

"யாருப்பா சும்மா இருக்குறது? காலைல உக்காந்த மனுஷன் இன்னும் எழுந்திருக்கல. டூட்டில இருக்காரு. சாயங்காலமா வா" என்றீர்கள்.

உள்ளே என் விரல்கள் நின்றுவிட்டன. காலமெல்லாம் உப்பு மூட்டை ஏற்றி இறக்கிய ஒரு லோடு மேஸ்திரி, உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவனை டூட்டியில் இருப்பதாகச் சொல்கிறார். என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள்? கடைசிவரை நான் கேட்கவில்லை. மறுநாள் நீங்களே டீ போட்டு எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். "இன்னிக்கி எத பத்தி?" என்றீர்கள். அதன்பிறகு தினமும் அதே கேள்விதான். தலைவலித் தைலம் என்பேன், மலேசியா ரயில் என்பேன். எதைச் சொன்னாலும் "அப்படியா!" என்று கேட்டுக்கொள்வீர்கள்.

இப்போது கேட்டில் நிற்க ஆளில்லை. வருகிறவர்கள் நேராக உள்ளே வருகிறார்கள். "சார் வீட்லதானே இருக்கீங்க, பாப்பாவ கொஞ்சம் பாத்துக்குங்க, பேங்க் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்." எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்துபோகும். எரிச்சல் வரும். ஆனால் யாருமே வராத நாள் அதைவிட மோசம். எழுதியதை மெயிலில் அனுப்ப பிரவுசிங் சென்டருக்குப் போனால், வேலை முடிந்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டர்கள் "பாண்டி பாண்டி" என்று கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.

அதனால்தான் அந்த ஆபீஸ்காரர், "பேசாம இங்கயே வந்துடுங்க சார், சீட் ஒண்ணு காலியா இருக்கு" என்றதும் சரி என்றுவிட்டேன். ஒருநாள் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். என்ன சத்தம் மாமா! போன் மணி, வாக்குவாதம், யாரோ யாரையோ கிண்டலடிக்கிறார்கள். மதியம் என் டப்பாவைத் திறந்ததும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கை வைத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். சென்னையில் ரூம் எடுத்துத் தங்குகிறேன், சனிக்கிழமை வந்துவிடுகிறேன் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், "போங்க. நான் ஏன் வேணாங்கப் போறேன்?" என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறிவிட்டு, "ஒண்ணு கேக்கணும். அப்பா பகல்ல என்ன பண்ணுவாரு?" என்றாள்.

"எதுக்குக் கேக்குற?"

"எனக்குத் தெரியலைங்க. காலைல ஓடுவேன், ராத்திரி சோறு போடுவேன், அவ்ளோதான். கடைசியா அவர் இருந்த பகலெல்லாம் உங்ககிட்டதான் இருக்குது. என்னிக்காவது சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க வாயே தொறக்கல."

காரியம் முடிந்த நாளிலிருந்து நாங்கள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிடுவாளோ என்று நான் பேசவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் பேசவில்லை. தனிமை எனக்கு மட்டும்தான் என்று எப்படி நினைத்தேன்?

அவள் வரும் நேரம் நெருங்கினால் நீங்கள் செய்ததைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டு முனைக்குப் போய் டீக்கடை மறைவில் நிற்பீர்கள். பஸ்ஸிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் பின்சந்து வழியாக வேகவேகமாக நடந்து அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து, "வந்துட்டியா?" என்று நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

"அதான் எப்பப் பாத்தாலும் வேர்த்திருக்கும் அவருக்கு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் வருகிறேன் என்று ஆபீஸ்காரரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பகல் மாறிவிடவில்லை மாமா. இதை எழுதும்போதும் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

ஆனால் நம் இருவருக்கும் நடுவில் இருந்த பகல்களில் ஒன்றைக்கூட இனி நான் எனக்கென்று பதுக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். டிவியைப் பார்த்துக் கேசரி கிண்டித் தீய்த்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் சட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்தோமே, அதை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். தோண்டி எடுக்கச் சொல்வாள். எடுத்துக் கொடுப்பேன்.

பகலெல்லாம் உங்களோடு இருந்த உங்கள் மாப்பிள்ளை,
கதிர்