உப்பேறிய படகு

2022 ஜனவரி 11
படகைக் கரையேற்றியாயிற்று. ஊருக்குத் தெற்கே, ந்யா பே ஆற்றங்கரைப் பட்டறையில் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. அடிப்பாகம் முழுக்கக் கொப்புளம். நூற்றுப் பதினாறு வரை எண்ணி, வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். ஒன்றைக் குத்தினால் பிசுபிசுவென்று நீர், வினிகர் வாடை. முப்பது வருஷமாக ஃபைபர் தண்ணீரைக் குடித்திருக்கிறது என்கிறார் பட்டறைக்கார லாம். மேல்தோலைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் தினமும் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் ரெசின் பூச வேண்டுமாம்.

கொரோனாவில் வாடகை வீடு போனபின் எங்களுக்கு இந்தப் படகுதான் வீடு. வீட்டுக்காரி நபீசாவை நகரத்துக்குள்ளே டிஸ்ட்ரிக்ட் 1-இல் கூடப்பிறந்த லாத்தா வீட்டில் விட்டிருக்கிறேன். கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள்.

ஜனவரி 30
நபீசா பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அடுத்தவங்க அடுப்படியில எத்தன நாளைக்கு நிக்கிறது? பெருநாளைக்கு நம்ம படகுல சோறாக்கணும். இல்லாட்டி சைனம்புகிட்ட போயிருவேன்." சைனம்பு எங்கள் மகள், காரைக்காலில் இருக்கிறாள். பெருநாளுக்கு மூன்று மாசம் கிடக்கிறதே, தாராளம் என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

மார்ச் 2
சுரண்டி முடிந்தது. குழாய் நூலாகத்தான் வடிகிறது. ஆற்றில் பம்பு வைத்து அடித்துக் கழுவுகிறேன். ஈரம் பார்க்கும் மீட்டர் முப்பது காட்டுகிறது. பதினைந்துக்குக் கீழே வந்தால் பூசலாம்.

மார்ச் 19
முப்பது.

ஏப்ரல் 1
முப்பத்தொன்று. ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்? நபீசா போனில், "காஞ்சிருச்சா?" என்றாள். காயுது என்றேன். பொய்.

ஏப்ரல் 14
நோன்பு. குழாயில் தண்ணீர் வரவில்லை. அஸர் தொழுகைக்கு ஆற்றுத் தண்ணீரிலேயே உளூச் செய்தேன். வாய் கொப்பளித்ததும் — உப்பு.

துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோடையில் கடல் இந்த ஆற்றில் ஏறி வரும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததே இந்த ஊரில். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றரை மாசமாக என் கையாலேயே உப்பேற்றியிருக்கிறேன். முட்டாப் பயலே, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்க என்னடா கேடு?

ஏப்ரல் 27
தொட்டி லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து, முதலிலிருந்து கழுவுகிறேன். இன்று பருவத்தின் முதல் மழை; இனிப் பெருநாளுக்குள் காயாது. எல்லாம் போயிற்று. ஈரத்தோடே பூசிவிடுங்கள் என்று லாமிடம் கெஞ்சினேன். ஒரே வருஷத்தில் மறுபடி கொப்பளிக்கும், மாட்டேன் என்றுவிட்டார்.

மே 3
பெருநாள். தொழுகை முடிந்து லாத்தா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நபீசா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "காயுது காயுதுன்னீங்களே. அன்னைக்கே சொல்லிருந்தா நானும் வந்து கூடமாட கழுவிருப்பேன்ல?"

மே 16
நபீசா மகளிடம் போக விமானம் ஏறிவிட்டாள். திரும்ப வரமாட்டாளாம். நாற்பது வருஷக் குடித்தனம். நான் கெட்டவனில்லையே, வெறும் பொய்யன்தானே — இரண்டும் ஒன்றுதானோ?

ஆகஸ்ட் 20
மழை. இருபத்து நான்கு.

அக்டோபர் 8
மழை. அவளுக்குப் போன் போட்டேன். சைனம்பு எடுத்து, "உம்மா தூங்குறாங்க வாப்பா" என்றாள். அங்கே பகல் பதினொரு மணி.

2023 ஜனவரி 9
பதின்மூன்று. நாளை பூச்சு. லாம் சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கித் தட்டினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளே தச்சர் அடுப்பு மேடையைப் புதிதாக அடிக்கிறார். பழசு ரொம்பத் தாழ்வு, சமைக்கப்போவது நீங்கள்தானே, ஒரு சாண் ஏற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் வீட்டுக்காரிக்கு எட்டாது என்றேன்.