அப்பா ஒட்டிய பஞ்சர்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே சளி, இருமல் எதுவும் அண்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் மானம் மட்டும் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது. அம்மா போனில் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவள் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வாள்.

நீ லீவில் வந்தபோது துறைமுகத்தில் முக்குளிக்கும் டைவரிடம் விலைக்கு வாங்கி, பெட்டியில் இடமில்லை என்று எங்களிடம் விட்டுப் போனாயே, உடம்பு நனையாமல் முங்குவதற்கான அந்த டிரை சூட் விவகாரம்தான். நீ போனில், பனி உருகி வரும் ஏரியில் முங்கப் போகிறேன், பார்சலில் அனுப்புங்கள், தண்ணீர் எங்கேயாவது உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றாய். பஞ்சர் கடைக்காரனிடம் ஓட்டையைப் பார், ஒட்டாதே என்று சொல்வது நியாயமா, நீயே சொல். மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து அதை ஹாலில் விரித்தேன். இரண்டு கைகளிலும் பாட்டிலைச் செருகி, கழுத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்தால் அடைத்து, நெஞ்சில் இருக்கும் வால்வில் பம்பை மாட்டிக் காற்றடித்தேன். தலையில்லாத ஆள் ஒருவன் தூங்கி எழுந்து உட்காருவது போல இருந்தது. கேஸ் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால், இடது தோளுக்குக் கீழே ஒரு வட்ட மூடி, அதிலிருந்து புசுபுசுவென்று நுரை. திருடன் அகப்பட்டான் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, லாரி டியூபுக்குப் போடுகிற பெரிய பட்டையாகப் பார்த்து அழுத்தி ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒரு குமிழி கூட வரவில்லை. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அம்மாதான் நம்பவில்லை. நீ முங்குவது அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது, இந்தப் பயணத்துக்கும் சரி என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். வெறும் காத்தடிச்சுப் பார்த்தா போதுமா, ஆள் உள்ள இருந்தாதானே தெரியும் என்றாள். என் தொப்பை அந்த ஜிப்புக்குள் அடங்காது என்பது ஊரறிந்த விஷயம். முழங்கால் தண்ணீரைக் கண்டாலே எதையாவது பிடித்துக்கொள்கிற உன் அம்மா, என் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, அதன்மேல் உன் சூட்டை மாட்டிக்கொண்டாள். கழுத்து ரப்பருக்குள் தலையை நுழைப்பதற்குள் பவுடர் டப்பாவில் பாதி காலி. இதை ஆசைப்பட்டு வேற போட்டுக்கிறாளா உங்க பொண்ணு என்று உள்ளே இருந்தே திட்டினாள். கடையில் டிராக்டர் டியூபை முக்கிப் பார்க்கிற, கழுத்தளவு ஆழமான பெரிய தொட்டியில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளை இறக்கினேன்.

இறங்கியதுதான் தாமதம், காலில் இருந்த காற்றெல்லாம் தோளுக்கு ஏறி அவள் டியூப் மாதிரி உப்பிக்கொண்டாள். கையை மடக்க முடியவில்லை, கால் தரையில் நிற்கவில்லை, மல்லாந்து மிதக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு இழுத்தேன். அவள் சிரிக்கவில்லை. காத்து வெளிய போக இதுல வழி இருக்கணுமே, எதை அடைச்சு வச்சீங்க என்று கேட்டாள்.

டைவருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அண்ணே, அது ஓட்டை இல்லை, காத்து போற வால்வு. மேலே வர வர உள்ள இருக்கிற காத்து பெருகிக்கிட்டே போகும், அதை விடலைன்னா பிள்ளையை ஒரேயடியா மேலே தூக்கிட்டுப் போயிடும், உடம்பு தாங்காது என்றார். இதுவரை விளையாட்டாகவே எழுதிக்கொண்டு வந்தேன், இந்த இடத்தில் முடியவில்லை. போனை வைத்துவிட்டு, அம்மா கழற்றிப் போட்ட சூட்டில் அந்தப் பட்டையைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை, அவளும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலமே டைவர் வந்து, என் பட்டையோடு அந்த வால்வையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். இனிமேல் பயமில்லை, அனுப்பலாம் என்றார். அம்மா விடவில்லை, அதை மறுபடியும் மாட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கிவிட்டாள். இடது கையைத் தூக்குங்கக்கா என்றார் டைவர். தூக்கினாள். புஸ்ஸென்று காற்று போயிற்று, கால் தரையில் நின்றது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பக் கையைத் தூக்கிப் பார்த்தாள். நாங்கள் போதும் போதும் என்றாலும் கேட்கவில்லை. கடைசியில் வெளியே வந்து, சூட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சட்டையைக் கழுத்திலிருந்து கை நுனி வரை தடவிப் பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை. சரி, போகட்டும் என்றாள். நீ இத்தனை நாள் கேட்ட சம்மதம் இதுதான்மா, அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

அங்கே போனதும் விவரம் தெரிந்தவரிடம் சூட்டைக் காட்டிவிட்டே இறங்கு. எங்கள் ஊரில் ஒரு அறிவாளி வால்வை ஒட்டினான் என்று சொல், உறவுமுறை சொல்ல வேண்டாம். தனியாக இறங்காதே. மேலே வரும்போது கையைத் தூக்க மறக்காதே. அம்மா இப்போது அடுப்படியில் இருந்துகூடக் கையைத் தூக்கிக் காட்டி, எழுதினீங்களா என்று கேட்கிறாள். நீ ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு தண்ணீருக்கு மேலே வர வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

சூட்டோடு அந்தப் பழைய சட்டையும் வருகிறது. துவைத்து வைக்கவா என்றேன், நனைக்காதீங்க, அப்படியே உள்ள போட்டுக்கட்டும் என்றாள். கடிதத்தில் நீயும் ஒரு வரி எழுதேன் என்று பேனாவை நீட்டினேன். அதான் சட்டையை அனுப்புறேனே என்கிறாள்.

இனி டியூபை மட்டுமே ஒட்டப்போகும்,
உன் அப்பா