அப்பாவின் இத்தாலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? உப்புத் தூசியால் வந்த இருமல் குறைந்ததா? மின்ஸ்கில் பனி தொடங்கிவிட்டது. நான் நலம். எல்லோரும் தூங்கியபின் விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். இன்று சாப்பாட்டுக் கூடத்தில் விடுதிக் காப்பாளர் ரயீசா விகென்தியெவ்னா கேட்டார்: "வெளிநாட்டுத் தடையால உர வேகன் எல்லாம் துறைமுகம் போகாம நிக்குதாமே. அரசாங்க உர உப்புச் சுரங்கத்துல உங்கப்பா என்னடி பண்றார்?"

"இத்தாலி பண்றார்" என்று சொல்லிவிட்டேன். விதிப்படி மட்டும் மெதுவாக வேலை செய்து நீங்கள் நடத்தும் போராட்டத்துக்கு அதுதான் பெயர் என்பது சொன்ன பிறகே உறைத்தது. லியாவோன் மாமாவை அதற்காகத்தானே போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பக்கத்தில் இருந்த நம் ஊர் யாத்ஸ்யா என் காலை மிதித்தாள். "இத்தாலி மொழி படிக்கிறாராம் மேடம்."

"உப்பு வெட்டுறவருக்கு எதுக்குடி இத்தாலி?"

"பாட்டு பாடத்தான். குளிக்கும்போது கத்துவாராம், வீடே தாங்காதாம்."

காப்பாளர் சிரிக்கவில்லை. "அப்படியா? பெற்றோர் கூட்டத்துக்கு வரட்டும். நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேக்கறேன்."

கூட்டம் சனிக்கிழமை. நாளை இவளைப் பார்க்க வரும் யாத்ஸ்யாவின் அம்மா ஊர் திரும்பியதும் இதைக் கையில் தருவார்; படித்ததும் அடுப்பில் போடுங்கள். வரும்போது கம்பளிக் காலுறையும் உங்கள் பழைய ஸ்வெட்டரும் வேண்டும். ஸ்வெட்டரைத் துவைக்க வேண்டாம்.

யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது. 'புவோன்ஜோர்னோ' என்றால் வணக்கம். 'கிராத்சியே' என்றால் நன்றி. 'மியா ஃபீல்யா' என்றால் என் மகள். நாலு வார்த்தை ஆயிற்று. வந்துவிடுங்கள், அப்பா.

உல்யானா